காலுக்குத் தெரிந்த தாளம்

தை மாதத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழநி போகும் சாலையில் இரண்டு விதமாகப் பாட்டு கேட்கலாம். முன்னால் போகிறவர் எடுத்துக்கொடுக்க, பின்னால் வருகிற கூட்டம் வாங்கிப் பாடுவது ஒன்று. இயர்போனுக்குள் ஒருவருக்கு மட்டும் ஓடுவது இன்னொன்று. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கும் நகரத்தார் பாதயாத்திரைக்கு 400 ஆண்டுப் பழமை சொல்கிறார்கள். இயர்போன் நேற்று வந்தது. நாள் முழுக்க நடக்கிற உடம்புக்கு இந்த இரண்டில் எது நல்ல துணை என்று உடலியலைக் கேட்டால், அது சொல்லும் பதில் சுவாரஸ்யமானது.

முதலில் காலைப் பார்ப்போம். யாரும் விரட்டாமல் சமதரையில் தன் போக்கில் நடக்கிறவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைக்கிறார். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் அடியிலும் உடம்பு ஊன்றிய காலின் மேல் எழும்பி, பிறகு முன்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசலின் ஆட்டம் அது. எழும்பும்போது சேர்ந்த ஆற்றல், இறங்கும்போது அடுத்த அடிக்கு முதலாகிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரை ஒட்டி நடக்கும்போது இப்படித் திரும்பக் கிடைக்கும் பங்கு 65 சதவீதம் வரை போகிறது. அதைவிட விரைந்தாலும் சரி, இழுத்து இழுத்து நடந்தாலும் சரி, ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் செலவு கூடிவிடும். யாரும் சொல்லித்தராமலே கால் இந்தச் சிக்கன வேகத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தக் காலின் கடிவாளத்தைக் காது பிடிக்க முடியும். தாளக்கட்டுள்ள இசையைக் கேட்கும்போது, அசையாமல் படுத்திருப்பவரின் மூளையில்கூட அசைவுக்கான பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பெருமூளையின் மேற்புறத்தில் அசைவைத் திட்டமிடும் பகுதியும், ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளும் அவற்றில் முக்கியமானவை. பார்க்கின்சன் நோயில் பழுதாவது அதே முடிச்சுகளின் வேலைதான். அந்த நோயாளிகள் சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். சீரான ஒரு தாளத்தைக் கேட்கவிட்டால் பலருக்கு அடி நீளமாகிறது, நடை சீராகிறது. மைக்கேல் தாட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1990களில் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். உள்ளே தாளம் தவறும்போது, வெளியிலிருந்து வரும் தாளம் கைகொடுக்கிறது.

ஆனால் இழுக்கிற கை, வேண்டாத பக்கமும் இழுக்கும். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கணக்கெடுத்து லியோனார்ட் அயர்ஸ் 1911இல் எழுதினார். பேண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 31.5 கிலோமீட்டர், வாத்தியம் ஓய்ந்திருந்தபோது 28.8. பந்தயத்துக்கு அது வரம். நெடுநடைக்கு அப்படியில்லை. அடிக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தாலும் 20 கிலோமீட்டருக்கு 26,000 அடிக்கு மேல் ஆகிறது. சிக்கன வேகத்தைத் தாண்டி நடந்தால், சிறு உபரிச் செலவு அத்தனை அடியிலும் சேர்ந்துகொண்டே போகும்.

களைப்பு விஷயத்திலும் இதே இரட்டை முகம். மிதமான உழைப்பின்போது இசை கேட்டால், சிரமமாகத் தோன்றுவது சுமார் 10 சதவீதம் குறைகிறது என்கிறார் இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் காஸ்டாஸ் காராஜியார்கிஸ். கவனத்தில் ஒரு பங்கைப் பாட்டு எடுத்துக்கொள்வதால், தசையிலிருந்து வரும் முறையீடு பின்னுக்குப் போகிறது. தசை களைப்பது நிற்பதில்லை. நமக்குத் தெரிவதுதான் குறைகிறது. குதிகாலில் கொப்புளம் கிளம்பப்போகும் முன்னெச்சரிக்கையும் அதோடு சேர்ந்து அமுங்கிப்போகலாம். பதிவு செய்த பாட்டின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. அது களைப்பதே இல்லை. காலை ஆறு மணிக்கு ஒலித்த வேகத்திலேயே மாலை நான்கு மணிக்கும் ஒலிக்கும்.

வாய்விட்டுப் பாடுகிறவர்களின் பாட்டு களைக்கும். மூச்சு வாங்கினால் பாட்டு தானே தளரும். பாட்டு தளர்ந்தால் கூட்டமும் தளரும். உடற்பயிற்சியின் கடுமையை அளக்க மருத்துவர்கள் எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறார்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு நடுத்தரம். நாலு வார்த்தைக்கு மேல் பேசவே மூச்சு பற்றவில்லை என்றால் கடுமை. பாடிக்கொண்டே நடக்கிறவர் அந்தச் சோதனையை வழியெல்லாம் தனக்கே நடத்திக்கொண்டிருக்கிறார். ஒருவர் எடுத்துக்கொடுத்து மற்றவர் வாங்கிப் பாடும் முறையில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தரப்பு பாடும்போது மறு தரப்பு மூச்சை நிரப்பிக்கொள்கிறது.

இதற்காகவே கட்டப்பட்டதுபோல ஒரு வடிவம் நம்மிடம் இருக்கிறது. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடையில் பாடுவதற்காகச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து இயற்றினார் என்பார்கள். 1891இல், இளம் வயதிலேயே மறைந்துபோன புலவர் அவர். சிந்தின் ஓட்டம் திஸ்ர நடை: ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ‘தகிட’ என்று மூன்று மாத்திரை. தெருவில் இறங்கிச் சோதித்துப் பாருங்கள். ‘த’வில் பாதம் ஊன்றும், ‘கிட’வில் பின்கால் எழும்பி, வீசி, முன்னால் வந்து சேரும். ஒவ்வோர் அடியிலும் இரண்டு பாதமும் தரையில் இருக்கும் பொழுது குறுகியது, ஒரு கால் வீசும் பொழுது நீண்டது என்ற நடையின் அளவுக்கு இந்த ஒன்றும் இரண்டுமான பங்கீடு ஓரளவு பொருந்துகிறது. முடுகு வரும் இடம் இன்னும் அழகு. அங்கே எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கின்றன; ஆனால் தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது. உற்சாகம் ஏறுகிறது, காலின் வேகம் ஏறவில்லை. நெடுநடைக்கு இசையமைக்க நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்பேன்.

கூட்டம் இல்லாமல் தனியே வயல்வெளியிலோ ஏரிக்கரையிலோ நடக்கப்போகிறவர் என்ன செய்வது? பாட்டை வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டாம். அரை மணி நேரம் சும்மா நடந்து உடம்பு சூடான பிறகு, 15 நொடிக்கு எத்தனை அடி என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்த எண்ணையோ அதில் பாதியையோ ஒட்டித் தட்டு விழும் பாட்டுகள் பொருந்தும். தெரிந்த பாட்டாக இருப்பது நல்லது. கூடவே முணுமுணுக்க வரும், மூச்சும் தன் கணக்கைச் சொல்லும். தாளமே இல்லாத ராக ஆலாபனை காலைத் தொந்தரவு செய்யாது. விடியலில் நாதஸ்வர ஆலாபனை ஒன்றோடு நடப்பதை நான் எந்தத் துள்ளல் பாட்டுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டி போகும் சாலையில், அதுவும் இருட்டில், இரண்டு காதையும் அடைப்பது ஆபத்து. ஊருக்கு ஊர் மாறும் பறவைச் சத்தத்துக்கும் பம்புசெட்டு ஓசைக்கும் ஒரு மணிக்கு ஒரு முறையாவது காதைத் திறந்துவைக்க வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். காலையில் 112 இருந்தது 100ஆக இறங்கியிருந்தால், பழைய பாட்டை ஓடவிட்டுக் காலைப் பழைய வேகத்துக்கு இழுக்காதீர்கள். 100க்குப் பொருந்தும் இன்னொரு பட்டியலைக் கிளம்பும்போதே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.