யுகுலேலே தெரிந்தெடுத்தல்

முதல் யுகுலேலேயில் ஓரளவு தேர்ச்சி பெற்ற மாணவர், அடுத்து நடுத்தர விலையில் ஒன்று வாங்குங்கால் நோக்கற்பாலன சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். 1879 ஆம் ஆண்டில் மதீராத் தீவினின்றும் ஹொனலுலு சேர்ந்த போர்த்துக்கேயர் கொணர்ந்த சிறு வாத்தியமே இதற்கு மூலமாம்.

முதலாவது, மேற்பலகை. மலிவானவற்றில் அது ஒட்டுப்பலகை. விலை ஏறியவற்றிற் பல முழுமரத்தாலாயவை. முழுமரம் நன்கு அதிர்தலின் நாதம் சிறக்கும். ஆயின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் ஐப்பசி மழையில் அது உப்பும். சித்திரை வெயிலிற் சுருங்கி வெடிக்கவுங் கூடும். ஆதலின், நாடோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் சுமந்து வருவோர்க்கு நல்ல ஒட்டுப்பலகையே ஏற்றது.

இரண்டாவது, சுருதி. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவே அமைந்தது. ஆங்கு அழுத்தி மீட்டிய ஒலி, அழுத்தாது மீட்டிய ஒலியின் மேல் ஸ்தாயியாகப் பிசகின்றி ஒலித்தல் வேண்டும். பிசகுமாயின் அதனை விலக்குக. பிழைபட்ட வாத்தியத்திற் பயில்வோரின் செவியும் நாளடைவிற் பிழைபடும்.

மூன்றாவது, அளவு. தந்தியின் நீளம் ஏறக்குறைய சொப்ரானோவில் 13 அங்குலம், கான்சர்ட்டில் 15, டெனரில் 17. மூன்றையும் ஒரே சுருதியிற் கூட்டலாமாதலின், முன் கற்ற விரற்பயிற்சி வீண்போகாது. விரல்கள் நெருக்குண்போர் பெரியதைக் கொள்க.

மெருகும் சித்திரவேலையும் விலையை ஏற்றுமேயன்றி இசையை வளர்க்கமாட்டா. 1842 இல் சென்னையில் தோன்றிய மியூசி மியூசிகல் போன்றதொரு கடைக்கு நேரிற் சென்று, இரண்டு மூன்றை மீட்டிப் பார்த்த பின்னரே பணங் கொடுத்தல் நன்று.