மிளகாய் மருந்தாகுமா?

மாரடைப்பு வந்தவருக்கு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தால், ஒரே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைபேசிகளில் சுற்றி வருகிறது. மிளகாய் புற்றுநோயைத் தடுக்கும், உடல் எடையைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டும் என்றும் செய்திகள் வருகின்றன. இவற்றைப் படிப்பவர்களில் நம் மாணவர்களின் பெற்றோரும் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டதை மாணவர்கள் வகுப்பறைக்குக் கொண்டு வருகிறார்கள். "டீச்சர், மிளகாய் சாப்பிட்டா கேன்சர் வராதாமே, உண்மையா?" என்று ஏழாம் வகுப்பு மாணவி கேட்கும்போது, "அதெல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் முழு உண்மையும் ஆகாது. அடுத்த செய்தி வரும்போது அவளுக்கு உதவவும் செய்யாது.

மிளகாயைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் நன்கு நிறுவப்பட்டவை உண்டு. பாதி உண்மைகள் உண்டு. உயிருக்கே ஆபத்தானவையும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே நம் வேலை. அதற்கு மிளகாய் நல்ல பாடப்பொருள். எல்லா மாணவர் வீட்டு அடுக்களையிலும் அது இருக்கிறது.

மிளகும் மிளகாயும்

மிளகாயை நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மருந்தாகப் பயன்படுத்தினார்கள் என்று சில செய்திகள் தொடங்கும். இதைச் சரிபார்க்கச் சொல்லே போதும். மிளகு + காய் = மிளகாய். மிளகைப் போல் காரம் தரும் காய் என்பதால் இந்தப் பெயர். மிளகு இங்கேயே விளைந்தது. சங்க இலக்கியத்தில் அதற்குக் 'கறி' என்றும் பெயர். மிளகாயின் தாயகமோ அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்துக்குப் பிறகே மற்ற கண்டங்களுக்கு அது அறிமுகமானது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் உணவில் காரம் தந்தவை மிளகு, திப்பிலி, இஞ்சி போன்றவைதாம். பின்னர் மிளகாய் இந்த மண்ணோடு எவ்வளவு ஒன்றிப் போனது என்பதற்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒரு சான்று. இந்த ஒரு பத்தியில் தமிழாசிரியருக்கும் சமூக அறிவியல் ஆசிரியருக்கும் பங்கு இருக்கிறது.

காரம் உடலில் என்ன செய்கிறது?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்னும் வேதிப்பொருள். அது விதையில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான திசுவில்தான் அது உருவாகிறது. அந்தத் திசுவைத் தொட்டுக்கொண்டிருப்பதால் விதையிலும் காரம் படிகிறது.

அறுசுவையில் கார்ப்பையும் ஒரு சுவையாகச் சொல்வது நம் மரபு. அறிவியல் நோக்கில், நாம் காரத்தை அறிவது சுவை மொட்டுகளால் அன்று. வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்புகளால். இதை வகுப்பில் விளக்க ஒரு கேள்வி போதும்: சர்க்கரைக் கரைசல் கையில் பட்டால் கை இனிக்குமா? இனிக்காது. மிளகாய் பட்டால் மட்டும் கை எரிவது ஏன்? சுவை மொட்டுகள் வாயில் மட்டும் உள்ளன. வலி நரம்புகள் உடல் முழுவதும் உள்ளன.

1997இல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு, கேப்சைசின் சென்று பொருந்தும் ஏற்பியைக் கண்டறிந்தது. அதன் பெயர் டி.ஆர்.பி.வி.1. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பட்டாலும் இதே ஏற்பிதான் தூண்டப்படுகிறது. எனவே மிளகாயைக் கடித்ததும், வாய் சுடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. உடல் வியர்வையைச் சுரந்து தன்னைக் குளிர்விக்கப் பார்க்கிறது. மூக்கும் கண்ணும் ஒழுகுகின்றன. உண்மையில் வாயில் எதுவும் வெந்து போகவில்லை. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்குத் தூண்டப்படுவதில்லை. கிளி மிளகாய்ப்பழத்தைச் சாவகாசமாகத் தின்பது இதனால்தான். விதைகளை மென்று நசுக்கிவிடும் பாலூட்டிகளை விலக்கி, விதைகளைச் சிதைக்காமல் பரப்பும் பறவைகளை ஈர்க்க மிளகாய்ச் செடிக்கு அமைந்த ஏற்பாடு காரம். நமக்கு மருந்து தருவதற்காக அது காரத்தை உண்டாக்கவில்லை.

சொல்லப்படும் பயன்களைச் சலித்துப் பார்ப்போம்

வைட்டமின் சி: பச்சை மிளகாயில் இது நிறைய உண்டு. எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தைவிட அதிகம். ஹங்கேரி நாட்டின் ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜி தம் ஆய்வுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைக் குடைமிளகாய் இனத்திலிருந்தே பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் ஒரு பச்சை மிளகாயின் எடை சில கிராம்களே. சமைக்கும்போதும் காயவைக்கும்போதும் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி அழிகிறது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும். தகவல் உண்மை, ஆனால் நாம் உண்ணும் அளவில் பயன் சிறிது.

வலி நிவாரணம்: இது நன்கு நிறுவப்பட்டது. கேப்சைசின் தொடர்ந்து படும்போது வலி நரம்பு முனைகள் மரத்துப் போகின்றன. மூட்டுவலிக்கும், அக்கி வந்து போன பிறகு நீடிக்கும் நரம்பு வலிக்கும் கேப்சைசின் களிம்புகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் இது அளவிட்டுத் தயாரிக்கப்பட்ட மருந்து. தோலின் மேல் பூசுவது. மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் வெந்துதான் போகும். அதிகமாகக் காரம் சாப்பிட்டால் மூட்டுவலி போய்விடும் என்பதும் இதிலிருந்து பெறப்படாது.

எடைக் குறைப்பு: கேப்சைசின் உடலின் ஆற்றல் செலவைச் சற்றே கூட்டுகிறது. ஆய்வுகளில் தெரியவந்த அளவு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ கலோரி. ஏறத்தாழ ஓர் இட்லியின் ஆற்றல். மிளகாய் பஜ்ஜியாக உள்ளே போனால் கணக்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.

நீண்ட ஆயுள்: செய்தித்தாள்களில் அதிகம் பேசப்பட்டது இதுவே. 2015இல் வெளியான சீன ஆய்வில் சுமார் 4.87 லட்சம் பேர் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனிக்கப்பட்டனர். வாரத்தில் 6, 7 நாள்கள் கார உணவு உண்டவர்களிடம், வாரம் ஒருமுறைகூட உண்ணாதவர்களைவிட இறப்பு வாய்ப்பு 14% குறைவாக இருந்தது. 2019இல் வெளியான இத்தாலிய ஆய்வில் 22,811 பேர் இருந்தனர். வாரத்தில் நான்கு முறைக்கு மேல் மிளகாய் உண்டவர்களிடம் இறப்பு வாய்ப்பு 23% குறைவு.

இவை பொய்யான ஆய்வுகள் அல்ல. ஆனால் இவை உற்றுநோக்கல் ஆய்வுகள். யாருக்கும் மிளகாய் கொடுத்துச் சோதிக்கவில்லை. ஏற்கெனவே உண்பவர்களையும் உண்ணாதவர்களையும் ஒப்பிட்டார்கள். உடல்நலம் குன்றியவர் முதலில் குறைப்பது காரத்தைத்தானே? அப்படியானால், மிளகாய் சாப்பிட்டதால் நலமாக இருந்தார்களா, நலமாக இருந்ததால் மிளகாய் சாப்பிட முடிந்ததா? ஆய்வாளர்கள் வயது, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கொண்டு இந்தச் சிக்கலைக் குறைக்க முயன்றார்கள். ஆனாலும் முழுமையாக நீக்க முடியாது. இரண்டு ஒன்றாக நிகழ்வதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதை எட்டாம் வகுப்பு மாணவர் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

புற்றுநோய்: 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்திலும் எலிகளிலும் புராஸ்டேட் புற்றுச் செல்களைக் கேப்சைசின் அழிப்பதைக் காட்டினர். ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுச் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஏராளம்; மனித உடலில் அது நடக்கிறதா என்பது வேறு கேள்வி. 1994இல் வெளியான மெக்சிகோ ஆய்வு ஒன்றில், மிளகாய் உண்பவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு அதிகமாகக் காணப்பட்டது. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால் மிளகாய் மருந்து. மற்றொன்றை மட்டும் காட்டினால் நஞ்சு. இரண்டையும் வைத்துப் பார்த்தால், புற்றுநோயைத் தடுக்க மிளகாய் உண்ணுங்கள் என்று சொல்ல இடமில்லை.

வயிற்றுப்புண்: இது எதிர்ப்பக்கத்து நம்பிக்கை. காரம் தின்றால் அல்சர் வரும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவே பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் என்று காட்டி 2005இல் நோபல் பரிசு பெற்றனர். சில வலி மாத்திரைகளும் அல்சரை உண்டாக்கும். காரம் அதற்கு மூலகாரணம் அன்று. ஆனால் ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்களுக்குத் தொல்லையைக் கூட்டலாம்.

மாரடைப்பு: இதற்கு எந்தச் சான்றும் இல்லை. இதயத் தமனியில் ஏற்பட்ட அடைப்பை மிளகாய்த் தண்ணீர் நீக்காது. மயங்கியவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும். வெந்நீர் வைக்கும் நேரத்தில் 108-ஐ அழைத்திருக்கலாம்.

நான்கு கேள்விகள்

ஒவ்வொரு செய்தியையும் சலிக்க என் வகுப்பில் நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறேன். யாரிடம் சோதித்தார்கள், செல்லிலா, எலியிடமா, மனிதரிடமா? எவ்வளவு கொடுத்தார்கள், அது நாம் உண்ணும் அளவா? யாரோடு ஒப்பிட்டார்கள்? இதை நம்பித் தவறாகிப் போனால் நமக்கு என்ன இழப்பு? நான்காவது கேள்வியை மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். வைட்டமின் சி செய்தியை நம்பினால் பெரிய இழப்பில்லை. மாரடைப்புச் செய்தியை நம்பினால் ஓர் உயிர் போகலாம்.

கணித ஆசிரியர்கள் 14 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். 1,000 பேரில் 100 பேர் இறப்பதாக வைத்துக்கொண்டால், 14% குறைவு என்பது 86. வேறுபாடு 14 பேர். 1,000 பேரில் 10 பேர் என்றால், வேறுபாடு ஒன்றிரண்டு பேர்தான். விழுக்காடு ஒன்றே, அதன் பொருள் வேறு.

தொடக்க வகுப்புகளுக்கு ஓர் எளிய செயல்பாடு: கண்ணாடிக் குவளையிலுள்ள நீரின் மேல் மிளகாய்த்தூளைத் தூவச் செய்யலாம். செயற்கைச் சாயம் கலந்திருந்தால் நிறம் கோடு கோடாக உடனே கீழே இறங்கும். செங்கல் தூளோ மணலோ இருந்தால் அடியில் படியும். அந்தப் படிவை விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கும். தூளை ஆசிரியரே கையாள்வது நல்லது. கையில் காரம் பட்டால் கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. சிறிது எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்பால் கழுவ வேண்டும். வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலும் தயிரும் உதவும். பால் புரதமான கேசீனும் கொழுப்பும் கேப்சைசினை அகற்றுகின்றன.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டியவை

மிளகாய் நம் குழந்தைகளிடம் தனியாகப் போவதில்லை. ஊறுகாய், மோர் மிளகாய், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், சிவந்த பொட்டலத் தின்பண்டங்கள் என்று உப்போடும் எண்ணெயோடும்தான் போகிறது. கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் அந்த உப்பும் எண்ணெயும்தான்.

மற்றொன்று, யார் அதிகக் காரம் தின்பது என்ற போட்டி. வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த கார அளவுகோலில் குடைமிளகாய்க்கு 0. மெக்சிகோவின் ஹலபேன்யோ மிளகாய்க்கு 2,500 முதல் 8,000 வரை. 2023இல் கின்னஸ் பதிவு பெற்ற பெப்பர் எக்ஸ் என்னும் வகைக்கு 26 லட்சத்துக்கும் மேல். இத்தகைய மிளகாய்களின் தூள் கலந்த தின்பண்டங்கள் இப்போது இணையவழியில் விற்கப்படுகின்றன. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சமூக ஊடகச் சவாலுக்காக அப்படியொரு வறுவலைத் தின்ற 14 வயதுச் சிறுவன் இறந்தான். அவனுக்கு இதயத்தில் ஏற்கெனவே குறைபாடு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. நம் வகுப்பில் எந்தக் குழந்தைக்கு அப்படிக் குறைபாடு இருக்கிறது என்பது நமக்கும் தெரியாது, பல நேரம் பெற்றோருக்கும் தெரியாது. மதிய உணவு வேளையில் பச்சை மிளகாயை வைத்துப் பந்தயம் நடந்தால் சிரித்துவிட்டுப் போகாமல் நிறுத்துவோம்.

மிளகாய் நல்ல உணவுப்பொருள். அளவாகச் சேர்த்தால் உணவுக்கு ருசி கூட்டும். ஒத்துக்கொள்பவர்கள் பயமின்றி உண்ணலாம். மருந்தின் இடத்தில் மட்டும் அதை வைக்கக் கூடாது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இரண்டு வாக்கியங்கள் சொல்ல நேரம் ஒதுக்குங்கள். நெஞ்சு வலித்தால் மிளகாய்த் தண்ணீர் கலக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.