முதுகுக் காயமும் ராணுவ மருத்துவ மதிப்பீடும்

அமெரிக்க ராணுவத்தில் முதுகில் அடிபட்டவரின் ஊன அளவை முடிவுசெய்வதில் முக்கியமானது, அவர் முன்னால் குனியும் கோணம். மருத்துவர் கோணமானியை இடுப்போரம் பிடித்து அளப்பார். இயல்பு 90 டிகிரி. 30-ஐத் தாண்டி 60-க்குள் நின்றுவிட்டால் 20 சதவீதம், 30-ஐயே தாண்டாவிட்டால் 40. வலி தொடங்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து காட்டும் வீரர் தன் பாதிப்பைத் தானே மறைத்துவிடுகிறார். பயிற்சியில் ஊறிய பழக்கம் இங்கே அவருக்கே எதிரி. வலி முற்றிய நாட்களில் ஷூ கயிறுகூடக் கட்ட முடியாமல் போவதைத் தேதியோடு குறித்துவைத்திருப்பது பெரிதும் உதவும். காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குத் தனி மதிப்பீடு உண்டு. அதையும் விடாமல் சொல்ல வேண்டும். பணிக்குத் தகுதியற்றவர் என முடிவாகி, அதற்குக் காரணமான காயத்துக்கு 30 சதவீதமோ அதற்கு மேலோ கிடைத்தால் ஓய்வூதியம். குறைந்தால், 20 ஆண்டுப் பணி முடிக்காதவருக்குப் பொதுவாக ஒருமுறைத் தொகைதான்.