ஈப் பொறியின் இடம் வீட்டுக்கு வெளியே

மே மாதம் வந்துவிட்டால் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தி.நகர் ரங்கநாதன் தெருப் பக்கமும் தள்ளுவண்டிகளில் பங்கனப்பள்ளியும் பண்ருட்டிப் பலாவும் குவிந்துவிடும். வீட்டுக்கு வீடு மாங்கொட்டையும் தோலும் பலாச் சக்கையும் குப்பைக் கூடைக்குப் போகும். அடுத்த வாரமே சமையலறையில் ஈ மொய்க்கத் தொடங்கும். உடனே பலரும் பாட்டிலை வெட்டிப் பொறி செய்து சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பொறி செய்வது நல்ல யோசனைதான். ஆனால் மேசைப் பக்கம் வைத்தால், வெளியே திரியும் ஈயையும் வாசனை காட்டி உள்ளே அழைத்த மாதிரி ஆகிவிடும்.

தட்டில் உட்காரும் ஈ என்ன செய்கிறது?

ஈக்குக் கடிக்கப் பல் கிடையாது. நீர்மமாக இருந்தால்தான் அதனால் உறிஞ்ச முடியும். அதனால் சர்க்கரையின் மேலோ இட்லித் துணுக்கின் மேலோ உட்கார்ந்ததும், எச்சிலையும் ஏற்கெனவே விழுங்கியதில் கொஞ்சத்தையும் அதன் மேல் கக்கிக் கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது. ருசி அறியும் நுண்மயிர்கள் அதன் காலிலும் உண்டு. மலத்தின் மேல் நடந்து பார்த்த அதே காலோடு நம் சோற்றின் மேலும் நடக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே கழிவதும் அதன் பழக்கம். டியூப்லைட் ஓரத்திலும் ஃபேன் கம்பியிலும் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதே கறுப்புப் புள்ளி, அது ஈயின் எச்சம். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைஃபாய்டு, காலரா ஆகியவற்றின் கிருமிகள் இந்த வழியாக உணவுக்கு வந்து சேரக்கூடும்.

ஏழு நாள் கணக்கு

ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு 100 முதல் 150 முட்டை வரை இடும். வாழ்நாளில் 500 வரை போகும். சென்னை வெயிலில் அந்த முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடுகிறது. புழு நாலைந்து நாள் ஈரக் குப்பையைத் தின்று கொழுத்து, பிறகு உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து போய்க் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிட்ட ஏழு முதல் பத்து நாளில் புது ஈ பறந்துவிடும். கூடையைக் காலி செய்த பிறகும் ஈ குறையவில்லை என்று சொல்பவர்கள் கூடையைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். பூந்தொட்டி மண்ணிலும் தேட வேண்டும். கோதுமை மணி அளவில், பழுப்பாக உருண்டிருப்பவை கூட்டுப்புழுக்கள்.

ஆகவே மக்கும் குப்பை தினமும் வெளியே போயாக வேண்டும். மூன்று நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். மீன் கழுவிய குடலையும் செதிலையும், மறுநாள் காலை மாநகராட்சியின் பேட்டரி வண்டி வரும்வரை, காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பது பலருக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எந்த ஈ என்று முதலில் பாருங்கள்

சாம்பல் நிறத்தில், முதுகில் நான்கு கறுப்புக் கோடுகளோடு இருப்பது வீட்டு ஈ. வாழைப்பழத்தைச் சுற்றும், சிவந்த கண்ணுள்ள பொடி ஈ வேறு இனம். அதற்கு ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் வினிகர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மேலே காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிச் செருகினால் போதும். இந்த ஒரு பொறியை மட்டும் சமையலறையிலேயே வைக்கலாம். பச்சையாகவோ நீலமாகவோ மினுக்கும் பெரிய ஈ திடீரென்று நிறைய வந்தால் அக்கம்பக்கத்தில் எலியோ பெருச்சாளியோ செத்துக் கிடக்கிறது என்று தேடுங்கள்.

பாட்டில் பொறி

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் வெட்டுங்கள். மூடியை எடுத்துவிட்டு, மேல் துண்டைத் தலைகீழாக அடித்துண்டுக்குள் செருகினால் புனல் தயார். ஓரத்தை டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். புனலின் வாய்க்கும் உள்ளே ஊற்றும் நீருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் இருக்கட்டும்.

இரை என்ன? அரை டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் வெல்லம், நன்றாகப் புளித்த இட்லி மாவு ஒரு ஸ்பூன், கொஞ்சம் அழுகிய பழம். ஒரு நாள் வெயிலில் நுரைத்தால் வாடை ஏறும். கருவாடு புழங்கும் வீடு என்றால் அதில் ஒரு துண்டும் போடுங்கள். இதில் நம் விவசாயிகளுக்குப் பழைய அனுபவம் உண்டு. சோளப் பயிரின் குருத்து ஈயைப் பிடிக்க எக்டேருக்கு 12 கருவாட்டுப் பொறி வைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருக்கிறது. கடைசியாக இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஈ நீரின் மேல் நின்று தப்பித்துவிடும், இருந்தால் மூழ்கும்.

வாசற்படியிலிருந்து நாலைந்து மீட்டராவது தள்ளி, குப்பைக் கூடைப் பக்கம், வெயில் படும் இடத்தில் கட்டுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குக் காம்பவுண்டு மூலைதான் சரியான இடம். நாலு நாளைக்கு ஒரு முறை வெந்நீர் ஊற்றி, குழி தோண்டிக் கொட்டி மூடுங்கள். அதற்கு மேல் விட்டால் நீருக்கு வெளியே ஒட்டியிருக்கும் இரையில் ஈயே முட்டையிட்டு, பொறி உற்பத்திக்கூடமாகிவிடும். தேவை முடிந்ததும் பாட்டிலை அப்புறப்படுத்துங்கள். ஐப்பசி மழையில் அது நிரம்பினால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

வீட்டுக்குள் ஈயைத் தடுக்க சாப்பிடும் இடத்தில் ஃபேன் ஓடட்டும். வேகக் காற்றில் ஈயால் நிலைகொள்ள முடியாது. சன்னலுக்கு வலை, பாத்திரத்துக்கு மூடி. டீக்கடைகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடும் பிளாஸ்டிக் பையை நம்பாதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

செய்யக் கூடாதவை

குளிர்பான பாட்டிலில் பழுப்பு நிற வெல்லத் தண்ணீர் இருந்தால் மூன்று வயதுக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். குளிர்பான பாட்டிலே வேண்டாம். எந்தப் பாட்டிலாக இருந்தாலும் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, மேலே எழுதி ஒட்டுங்கள். வெல்லத்தில் பூச்சிமருந்து கலப்பதை அடியோடு விடுங்கள். ஒரு காலத்தில் நுவான் என்ற பெயரில் வீடுகளில் புழங்கிய டைக்குளோர்வாஸை இந்திய அரசு 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்துவிட்டது. பழைய புட்டி எங்காவது பரணில் இருந்தால் தனியாகக் கட்டி, அபாயகரமான வீட்டுக் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். ஈயைப் பொசுக்கும் நீல விளக்கை உணவுக்கு மேலே மாட்டக் கூடாது. பொசுங்கிய ஈயின் துகள்கள் கிருமியோடு சிதறும்.

பொறியால் நோய் குறையுமா?

குறைந்திருக்கிறது. இஸ்ரேல் ராணுவ முகாம்களில் 1988இல் இரை வைத்த பொறிகளைக் கொண்டு ஈயைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினார்கள். வயிற்றுப்போக்குக்காக மருத்துவரிடம் வந்தவர்கள் 42 சதவீதம் குறைந்தார்கள். ஷிகெல்லா சீதபேதி 85 சதவீதம் குறைந்தது. 1991இல் லான்செட் இதழில் இது வெளியானது. பாகிஸ்தான் கிராமங்களில் மருந்து தெளித்து ஈயைக் குறைத்தபோது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்ததாக அதே இதழ் 1999இல் எழுதியது. இரண்டு இடத்திலும் முகாம் முழுக்க, ஊர் முழுக்கச் செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

ஈ ஒன்றிரண்டு கிலோமீட்டர் சாதாரணமாகப் பறக்கும். மயிலாப்பூரில் ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. நொச்சிக்குப்பம் மீன்காரர்கள்தான் காரணம் என்று கைகாட்டுவதும் அநியாயம். அவர்களுக்கு வேண்டியது தண்ணீரும் வடிகாலும் நேரத்துக்குக் கழிவு எடுக்கும் வண்டியும். பங்குனியில் அறுபத்துமூவர் விழா முடிந்த இரவு மாடவீதிகளில் கிடக்கும் தொன்னையும் சாதமும் விடிவதற்குள் அகற்றப்பட வேண்டும். அன்னதானம் செய்பவர்களே பெரிய பை ஒன்றைப் பக்கத்தில் கட்டி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். 1989இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்து குப்பையைக் கவனிக்கலாம் என்று இந்த நகரத்துக்கே காட்டிய இயக்கம். இன்று ஃபிளாட் அசோசியேஷன்கள் நாலு பொறியும், மூடியுள்ள தொட்டியும், தெருமுனைத் தொட்டி வழிந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு போனுமாக அதே வேலையைச் செய்யலாம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால்

முதல் தடவை தண்ணீராகப் போனதுமே ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்குங்கள். பாக்கெட் கையில் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் குறைதல், எதையும் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.