பேயை விரட்ட ஞானஸ்நானம் வேண்டுமா?

வீட்டிலே ஒரு பெண் தூக்கமில்லாமல் வெறித்துப் பார்க்கிறாள். திடீரென்று தலைவிரி கோலமாக ஆடுகிறாள். பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? “காத்து கருப்பு பட்டிருக்கிறது!” குடியாத்தமானாலும் சரி, சென்னையானாலும் சரி, இந்த வார்த்தை மாறுவதில்லை. பூசாரி, தர்கா என்று அலைந்த பிறகு, “மாதா கோயிலுக்குத்தான் போய்ப் பாருங்களேன்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். போகிறவர்கள் ஹிந்துக்கள், ஜபம் செய்கிறவர் கிறிஸ்தவர். இது முறைதானா?

கிறிஸ்தவர்களே இதற்கு ஒரே பதில் சொல்வதில்லை.

தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லி அழைத்து வரப்படுகிறவர்களில் ஹிந்துக்கள் ஏராளம். ஆனால், பேயோட்டும் சடங்கைப் பாதிரியார் தம் இஷ்டப்படி நடத்திவிட முடியாது. பிஷப்பின் அநுமதி வேண்டும். கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் செய்யலாம் என்று 1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 1999-இல் வெளியான புதிய சடங்கு முறையோ, அப்படிப்பட்டவர்களின் விஷயத்தைப் பிஷப்பிடமே கொண்டு போகச் சொல்கிறது. முதலில் அது வியாதியா என்று பார்க்க வேண்டும் என்பதும் விதி.

பெந்தெகொஸ்தேக்காரர்களில் பலர், “முதலில் விசுவாசம்; பிறகுதான் விடுதலை” என்பார்கள். அதற்கு இயேசு சொன்ன கதை ஒன்றைக் காட்டுவார்கள். ஓட்டப்பட்ட பேய் திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கிச் சுத்தமாக, ஆனால் காலியாக இருக்கிறது! தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறி விடுகிறது.

அதே பைபிளில், மகளுக்காகக் கெஞ்சிய அந்நிய நாட்டுத் தாய் ஒருத்தியும் இருக்கிறாள். முதலில் மறுத்த இயேசு, அவள் சொன்ன பதிலைக் கேட்டு மகளைக் குணமாக்கினார். மதம் மாற வேண்டும் என்று நிபந்தனை போட்டதாக அங்கே இல்லை.

கிறிஸ்தவர்கள் தந்த இன்னொரு பதில் குடியாத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் பாகாயத்தில் 1950-களில் தொடங்கியது. டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற பெண்மணி முன்னின்று நடத்தினார். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிக் கவனித்துக் கொள்வது அங்கே விசேஷம். அங்கே யாரும் மதம் மாற வேண்டியதில்லை.

சகோதரிகளே! வைத்தியரைப் பார்த்த பிறகு ஜபத்துக்கும் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? குணத்துக்கு விலையாகப் பணமோ மதமோ கேட்கிறார்களா? அந்தப் பெண்ணை அடிக்கிறார்களா, கட்டி வைக்கிறார்களா? மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அடியோடு தடுக்கிறது.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும், பெண்ணின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிடுங்கள்.