முழு வேகத்தில் வலுவிழக்கும் படகு இயந்திரம்

கரையிலிருந்து புறப்படும்போது எவ்விதக் குறையுமின்றி இயங்கிய இயந்திரம், மீனும் வலையும் ஏற்றிய படகை எதிர்க்காற்றில் திருப்பிக் கொண்டுவருகையில் திணறுகின்றது. முழு வேகம் கொடுத்தால் வலுவிழக்கின்றது. வேகத்தைக் குறைத்தால் மீண்டும் சீராகின்றது. மன்னார், முல்லைத்தீவு முதல் வாழைச்சேனை, கல்முனை வரையிலான எமது கரையோரங்களில், வெளியிணைப்பு இயந்திரப் படகுகளில் தொழில் புரிவோருக்கு இது புதியதோர் அனுபவமன்று. எனினும், இதனை ஒரு சிறு தொல்லையாகக் கருதிச் சமாளித்துக்கொள்வது பொருளிழப்புக்கும் சில வேளைகளில் உயிராபத்துக்கும் இட்டுச்செல்லும் என்பதனை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையில் படகுகளையும் இயந்திரங்களையும் இழந்த கடற்றொழிலாளருக்கு, பின்னர் நிவாரணமாக அவை வழங்கப்பட்டன. அவ்வாறு கிடைத்த இயந்திரமொன்று இன்றும் கடலில் இருக்குமாயின் அது இரண்டு தசாப்தங்களைக் கடந்ததாகும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டபோது, எரிபொருளே தொழிலைத் தீர்மானிக்கும் நிலை தோன்றியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய சூழலில் புதிய இயந்திரம் வாங்குவது பலருக்கும் எட்டாக்கனியே. எனவே, பழைய இயந்திரத்தின் குறையைச் சரியாக இனங்காண்பது இன்றியமையாததாகும்.

மெதுவாக ஓடும் இயந்திரத்துக்குச் சிறிதளவு எரிபொருளே போதும். முழு வேகத்தில் அதன் தேவை பன்மடங்காகின்றது. குழாயில் ஓர் அடைப்பிருந்தால் மெது வேகத்தில் அது வெளிப்படாது. முழு வேகத்திலேயே தன்னைக் காட்டும். அதுமட்டுமன்றி, காபரேற்றரில் மெது வேகத்துக்கும் முழு வேகத்துக்கும் எரிபொருள் வெவ்வேறு துவாரங்களினூடாக வருகின்றது. ஆகவே ‘மெதுவாக நன்றாக ஓடுகின்றது, இயந்திரத்தில் பிழையில்லை’ என்ற முடிவு தவறானது.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகம் கொடுக்கும்போது இயந்திரத்தின் சத்தம் உயர்ந்தும் படகு முன்னேறவில்லையாயின், நீருக்கடியிற் சுழலும் விசிறியின் நடுவிலுள்ள இறப்பர் புஷ் வழுக்குகின்றது எனச் சந்தேகிக்கலாம். விசிறியின் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் குறுக்காக ஒரு கோடு கீறி, ஓட்டிய பின் அக்கோடு விலகியுள்ளதா எனப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மாறாக, இயந்திரத்தின் சத்தமே தாழ்ந்தால் குறை இயந்திரத்திலோ படகின் சுமையிலோ உள்ளது. அடிப்புறத்தில் படிந்த பாசியும் சிப்பியும், உட்புகுந்த நீரும் கூட வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பன.

இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிடியை முழு வேகத்தில் வைத்து, காபரேற்றரின் வாயில் முற்றாகத் திறக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். தளர்ந்த கம்பியொன்றினால் அது பாதியளவே திறப்பதுமுண்டு.

அடுத்தது எரிபொருள் வரும் வழி. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கின்றதா? அது மூடியிருந்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வர மறுக்கும். திறந்த பின்னரும் குறை நீடித்தால், முழு வேகத்தில் ஒருவர் படகைச் செலுத்த மற்றவர் குழாயிலுள்ள இறப்பர்க் குமிழை அமுக்கிப் பார்க்கலாம். அமுக்கியதும் வலு திரும்பினால் எரிபொருட் பம்பியின் மென்றகடு பழுதடைந்திருக்கலாம். அல்லது இணைப்புகளினூடாகக் காற்று உட்புகலாம். குமிழ் தானாகவே சப்பளிந்து கிடந்தால் தாங்கிக்கும் குமிழுக்கும் இடையே அடைப்புள்ளது. பழைய குழாயின் உட்சுவர் உரிந்து வழியை மறிப்பதுமுண்டு. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது புலப்படாது. நல்ல நிலையிலுள்ள வேறொரு தாங்கியையும் குழாயையும் இரவல் பெற்று ஓட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. வடிகட்டியில் நீர் தேங்கியுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, முழு வேகத்தில் சோக்கைச் சற்று இழுக்கும்போது வலு கூடினால், காபரேற்றரின் பிரதான துவாரம் அடைபட்டிருக்கலாம். அதைக் கம்பியினால் குத்தக்கூடாது; துவாரம் பெருத்துவிடும். கரைப்பானில் கழுவிக் காற்றினால் ஊதுவதே முறை.

தொடர்ந்து தீப்பொறி. வலு குன்றிய கணத்திலேயே இயந்திரத்தை நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றி ஒப்பிட வேண்டும். ஒன்று காய்ந்தும் மற்றொன்று எரிபொருளில் நனைந்தும் இருந்தால் நனைந்த உருளை எரியவில்லை. பிளக்கை மாற்றியும் பயனில்லையாயின் மின்சுருளைச் சோதிக்க வேண்டும்; சூடேறிய பின்னரே பழுதைக் காட்டும் சுருள்களும் உள. உருளைகளின் அமுக்கம் ஒன்றுக்கொன்று நூற்றுக்கு 15 வீதத்துக்கு மேல் வேறுபட்டால் மாத்திரமே இயந்திரத்தைப் பிரிப்பது பற்றி யோசிக்க வேண்டும். குளிர்விக்கும் நீர் தடையின்றிப் பீறிடுகின்றதா என்பதையும் எப்போதும் அவதானிக்க வேண்டும்.

இங்கு முக்கியமானதோர் எச்சரிக்கை உண்டு. எமது படகுகளிலுள்ள பழைய இரு-அடிப்பு இயந்திரங்களில் மசகெண்ணெய் எரிபொருளுடன் கலந்தே உட்செல்கின்றது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகின்றது, வெப்பமும் கூடுகின்றது. அந்நிலையில் ‘எப்படியாவது கரை சேர்வோம்’ என முழு வேகத்தை விடாது பிடித்தால் பிஸ்ரன் இறுகியோ உருகியோ இயந்திரமே நின்றுவிடும். சிறு தொகைக்குரிய குழாயின் குறை, பெருந்தொகை கோரும் திருத்தமாக மாறுவது இவ்வாறே. நடுக்கடலில் அது நிகழ்ந்தால் படகு காற்றின் போக்கில் அள்ளுண்டு போகும். எனவே வேகத்தைக் குறைத்து, மெதுவாகவேனும் கரை திரும்புவதே அறிவுடைமை.

செலவில்லாத சோதனை முதலிலும் செலவு மிக்கது இறுதியிலும் என்ற ஒழுங்கு பேணப்பட்டால், தேவையற்ற பாகங்களை வாங்கிக் குவிக்கும் நிலை பெரிதும் தவிர்க்கப்படும். அமுக்கமானி ஒன்றையும் சோதனைக்கான தாங்கியும் குழாயும் ஒரு தொகுதியையும் பொதுவில் பேணுவது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும் சுமையன்று. சோதனையைக் கரைக்கு அண்மையிலேயே, உயிர்காப்பு அங்கியுடனும் துடுப்புடனும் செய்ய வேண்டும். கடலுக்குச் செல்பவரை எதிர்பார்த்துக் கரையில் ஒரு குடும்பம் காத்திருக்கின்றது. திணறும் இயந்திரத்தின் முறையீட்டைக் கரையிலேயே செவிமடுப்பது அக்குடும்பத்துக்குச் செய்யும் கடமையுமாகும்.