காலடி நகர்வு (தற்காப்புக் கலை)

காலடி நகர்வு என்பது தற்காப்புக் கலைகளில் எதிராளியுடனான தூரத்தையும் கோணத்தையும் சமநிலை இழக்காமல் மாற்றிக்கொள்வதற்காகக் கால்களை நகர்த்தும் முறைகளைக் குறிக்கும். ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டையில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று விதிகளுக்கு உட்பட்டு மோதிப் பயிலும்போது, இதன் தேவை தெளிவாக வெளிப்படும். கென்போ, கராத்தே, குத்துச்சண்டை, கெண்டோ, ஜூடோ, வாள்வீச்சு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய காலடி முறைகளைக் கொண்டுள்ளது. எனினும் இவை அனைத்தும் ஒரே சிக்கலுக்கான வெவ்வேறு தீர்வுகளே ஆகும். நகர்வதற்கு ஒரு காலை எடுக்க வேண்டும். காலை எடுத்த அந்தக் கணத்தில் ஒருவர் எளிதில் தாக்கப்படக்கூடிய நிலையில் இருக்கிறார்.

இயற்பியல் அடிப்படை

நிற்கும் ஒருவரின் இரு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்து தாங்குதளம் எனப்படும். உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் செங்குத்துக் கோடு இத்தளத்திற்குள் விழும்வரை உடல் சாயாது. பாதங்களை அகட்டி வைத்தால் தளம் பெரிதாகி நிலைப்புக் கூடும். ஆனால் அளவுக்கு மீறி அகட்டினால், ஒரு காலை எடுக்குமுன் உடல் எடை முழுவதையும் மறுகாலுக்கு மாற்ற வேண்டியிருக்கும். இதனால் நகர்வு தாமதமாவதுடன், நகரப்போவதை எதிராளி முன்கூட்டியே கண்டுகொள்ளவும் முடியும்.

கண்ணால் கண்ட ஒன்றுக்கு எதிர்வினை ஆற்ற மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி தேவைப்படுகிறது. மிக அருகிலிருந்து புறப்படும் நேர்க்குத்தும் ஏறக்குறைய அவ்வளவு குறுகிய நேரத்தில் இலக்கை அடைந்துவிடும். ஆகவே கைநீளத்திற்குள் நின்றுகொண்டு, குத்து புறப்பட்ட பின்னர் அதனைக் கண்டு தடுப்பது கடினம். சற்றுத் தள்ளி நிற்பவருக்கோ, எதிராளி ஒரு காலடி எடுத்து வைப்பதற்குச் செலவாகும் நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. கை வேகத்தைக் கூட்டுவதைவிடத் தூரத்தைக் கட்டுப்படுத்துவது பல வேளைகளில் எளிதான தற்காப்பாக அமைவது இதனாலேயே.

கென்போவில் காலடி நகர்வு

கென்போ என்ற சொல் சீன மொழியின் சுவான்ஃபா என்பதன் யப்பானிய ஒலிப்பாகும். கைமுட்டியின் முறை என்பது இதன் பொருள். அமெரிக்கக் கென்போவை உருவாக்கிய எட் பார்க்கர் (1931–1990) ஹவாயில் பிறந்தவர். அங்கு வில்லியம் சௌ என்பவரிடம் கற்ற பின், 1956 இல் கலிபோர்னியாவின் பசடேனா நகரில் தமது பள்ளியைத் தொடங்கினார். அசைவுகளை வகைப்படுத்திப் பெயரிடுவதில் இவர் பெரிதும் ஆர்வம் காட்டினார். அதனால் பிற கலைகளில் ஆசிரியரைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளப்படும் பல காலடிகளுக்குக் கென்போவில் தனிப்பெயர்கள் உள்ளன.

இம்முறையில் அடிப்படையான நிற்றல் நடுநிலை வில் எனப்படும். முன்காலின் குதியும் பின்காலின் பெருவிரலும் ஒரே கோட்டில் அமைய, இரு பாதங்களும் ஏறத்தாழ 45 பாகை திரும்பி, முழங்கால்கள் சற்று மடிந்திருக்கும். எடை இரு கால்களிலும் சரிபாதியாக இருக்கும். எத்திசையிலும் உடனே புறப்பட முடிவது இந்நிலையின் பயன். ஓட்டப்பந்தய வீரரைப் போல் முன்னோக்கி மட்டும் சாய்ந்து நிற்பவருக்கு இவ்வசதி கிட்டாது.

நடுநிலை வில்லிலிருந்து செய்யப்படும் நகர்வுகளுள் பின்வருவன பயிற்சிச் சண்டையில் மிகுதியாகப் பயன்படுகின்றன. முன்காலை முதலில் வைத்துப் பின்காலை இழுத்துக்கொள்வது ஒன்று. இதில் கால்கள் ஒருபோதும் ஒன்றையொன்று நெருங்குவதில்லை. ஆதலால் பாதுகாப்பானது, ஆனால் கடக்கும் தூரம் குறைவு. பின்காலால் தரையை உந்தி, அவ்விசையில் முன்காலைச் செலுத்திப் பின் மறுகாலை இழுப்பது இதன் விரைவான வடிவம். இவற்றுக்கு மாறாக, பின்காலை முன்காலுக்கு அருகே கொணர்ந்து, அதன் பிறகு முன்காலை எடுத்து வைப்பது மூன்றாவது. இது எதிராளி எதிர்பார்ப்பதைவிட அதிகத் தூரத்தைக் கடக்கும். மேல் உடல் அசையாதிருந்தால் பின்கால் நெருங்கி வந்ததை எதிராளி கவனிக்காமல் போவதும் உண்டு. ஆனால் இரு பாதங்களும் சேர்ந்திருக்கும் இடைக்கணத்தில் தாங்குதளம் மிகக் குறுகிவிடுகிறது. அக்கணத்தில் மார்பில் படும் மெல்லிய தள்ளல்கூட ஒருவரை வீழ்த்தப் போதுமானது.

பின்கால் முன்காலைக் கடந்து செல்லும் முழு அடியும், கால்களைக் குறுக்கே வைத்து நகரும் குறுக்கடியும் இன்னும் நெடுந்தூரம் செல்ல உதவுவன. குறுக்கடியைத் தொடர்ந்து பக்கவாட்டு உதை விடுவது கென்போப் போட்டியாளர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். கால்கள் குறுக்காக இருக்கும்போது பின்வாங்கவோ திரும்பவோ இயலாது என்பதால், எதிராளியின் எட்டுதூரத்திற்கு வெளியே இருக்கும்போது மட்டுமே இதனைத் தொடங்க வேண்டும். பார்க்கர் தூரத்தை நான்காகப் பகுத்திருந்தார்: தொடமுடியாத தூரம், தொடும் தூரம், தாக்குதல் ஊடுருவும் தூரம், பிடித்துக் கையாளும் தூரம். எந்தக் காலடி நல்லது என்ற கேள்விக்கு, எந்தத் தூரத்தில் என்று கேட்ட பின்னரே விடை கூற முடியும்.

திசைகளைக் குறிக்கக் கென்போவில் கடிகார முகம் பயன்படுகிறது. ஒருவர் கடிகாரத்தின் நடுவில் 12 மணியை நோக்கி நிற்பதாகக் கொள்ளப்படும். தாக்குபவர் 12 மணியிலிருந்து வரும்போது 6 மணித் திசைக்குப் பின்வாங்குவது தொடக்கநிலை மாணவரின் இயல்பான செயல். ஆனால் தாக்குதல் வரும் கோட்டிலேயே அவர் தொடர்ந்து நிற்கிறார். மேலும், முன்னோக்கி ஓடுபவரின் வேகம் பின்னோக்கி நகர்பவரின் வேகத்தைவிட எப்போதும் அதிகம். 4.30 அல்லது 7.30 மணித் திசைக்கு விலகினால், அதே அளவு உழைப்பில் கோட்டை விட்டு வெளியேறலாம். எதிராளி மறுபடி தாக்கத் தமது உடலைத் திருப்பியாக வேண்டும்.

பிற கலைகளுடன் ஒப்பீடு

கெண்டோவில் பெரிதும் பயன்படும் ஒகுரி-அஷி, கென்போவின் முதல் வகை நகர்வை ஒத்தது. வலக்கால் முன்னே செல்ல, குதி உயர்ந்த இடக்கால் பின்தொடரும். வாள்வீச்சில் களம் 14 மீட்டர் நீளமான ஒடுங்கிய பட்டை ஆதலால், முன்பின் நகர்வே முதன்மை பெறுகிறது. 1964 இல் பார்க்கர் நடத்திய லாங் பீச் பன்னாட்டுக் கராத்தேப் போட்டியில் செயல்விளக்கம் அளித்த புரூஸ் லீ, பின்னாளில் தமது ஜீத் குன் தோவுக்கு வாள்வீச்சிலிருந்தும் குத்துச்சண்டையிலிருந்தும் காலடிகளைப் பெற்றுக்கொண்டார். வலுவான கையை முன்னே வைத்தலும் பின்காலின் குதியை உயர்த்தி வைத்தலும் அவர் நிற்றலின் அடையாளங்கள்.

குத்துச்சண்டையின் முதல் விதி, செல்லும் திசைக்கு அருகிலுள்ள காலே முதலில் நகர வேண்டும் என்பது. இடப்புறம் செல்ல இடக்கால், வலப்புறம் செல்ல வலக்கால். முகம்மது அலி 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்சுடன் மோதியபோது, கால்களை விரைந்து மாற்றி மாற்றி வைக்கும் தமது புகழ்பெற்ற ஆட்டத்தைக் காட்டினார். பயிற்சியாளர்கள் மாணவருக்குத் தடைசெய்யும் அசைவு இது. அலி தூரத்தைத் துல்லியமாக அறிந்திருந்ததால் அவருக்குக் கேடு விளையவில்லை. அப்போட்டி மூன்றாவது சுற்றில் முடிவுற்றது.

ஜூடோவில் இச்சிக்கல் மறுபக்கத்திலிருந்து அணுகப்படுகிறது. தே-அஷி-பராய் என்னும் உத்தி, எதிராளியின் முன்னேறும் கால் தரையில் எடையை ஏற்கத் தொடங்கும் நொடியில் அதனை வாரிவிடுவதாகும். சற்று முந்தினால் அக்கால் காலியாக இருக்கும். சற்றுப் பிந்தினால் அசைக்க முடியாது. கராத்தேயிலும் இத்தகைய வாரல் உண்டு.

போட்டி விதிகளும் காலடியை மாற்றுகின்றன. கைகளால் முகத்தில் குத்துவதற்குத் தடையுள்ள கியோகுஷின் கராத்தேயில் வீரர்கள் மிக நெருங்கி நின்றே மோதுகின்றனர். தொடையில் உதைக்க அனுமதியுள்ள தாய்லாந்துக் குத்துச்சண்டையில் முன்காலில் எடையைச் சுமத்தி நிற்பது ஆபத்தானது. புள்ளிமுறைக் கராத்தேயிலோ, முதலில் தொடுபவருக்கே புள்ளி என்பதால் துள்ளிக்கொண்டே இருக்கும் பழக்கம் பரவியுள்ளது. துள்ளல் தசைகளை ஆயத்தமாக வைத்திருக்கும். ஆனால் இரு கால்களும் தரையை விட்டு எழுந்திருக்கும்போது திசை மாற்ற முடியாது. துள்ளல் ஒரே சீராக அமைந்தால் எதிராளி அதன் தாளத்தைக் கணித்துத் தாக்குவார்.

பயிற்சி

கைகளைப் பயன்படுத்தாத இணைப்பயிற்சி பெரும்பாலான பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. ஒருவர் விருப்பம்போல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர, மற்றவர் தொடக்கத்தில் இருந்த தூரம் மாறாமல் பின்தொடர வேண்டும். பாதங்களைக் குனிந்து பார்க்கும் பழக்கம் இதில் விரைவில் நீங்கும். தரையில் சுண்ணக்கட்டியால் கடிகாரம் வரைந்து, ஆசிரியர் கூறும் எண்ணை நோக்கி நகர்வதும் உண்டு.

திரும்பும்போது உடல் எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க, குதி தடையின்றிச் சுழல வேண்டும். இரப்பர் விரிப்பில் ஒட்டும் அடிப்பாகமுள்ள காலணியுடன் பயில்வோருக்குப் பாதம் அப்படியே நின்றுவிட, மேல் உடல் மட்டும் திரும்புகிறது. அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் தாங்க நேர்ந்து தசைநார் கிழியக்கூடும். மரத்தரையில் பழகியவர் விரிப்புக்கு மாறும்போது முதலில் மெதுவான திருப்பங்களில் தொடங்குவது வழக்கம்.